டாலர் ரேட் இருக்கட்டும், மொதல்ல பேர சரி பண்ணுங்க

போன இதழ்ல, வெளிநாட்டுலேர்ந்து திரும்பி வந்து பெங்களூருல செட்டில் ஆகுறவங்க பாங்க் விஷயமா கேள்வி அனுப்பலாம்னு ஒரு மூலையில சின்னதா போட்டிருந்தோம், வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், டாலர் இன்னும் ஏறுமா, இப்ப அனுப்பட்டுமா, வெயிட் பண்ணட்டுமா? அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இங்க உக்காந்து பதில் எழுதிட்டு இருக்கேன், சொல்லுங்க. பாங்குல 31 வருஷம், அதுல கடைசி 9 வருஷம் எம்.ஜி. ரோடு பக்கத்துல வெளிநாட்டுப் பணம் பாக்கற ஃபாரெக்ஸ் டெஸ்க்ல இருந்தேன். ரேட்டால நஷ்டம்னு என் முன்னாடி வந்து உக்காந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். பேரு ஒத்துப் போகல, ஓடிபி வரல, அக்கவுண்ட் வகை மாத்தலன்னு வந்து நின்னவங்கதான் கணக்கே இல்ல. அந்த மாதிரி கேள்வியா பாத்து எடுத்திருக்கேன்.

அமெரிக்காவுல 11 வருஷம் இருந்துட்டு ஜனவரில ஒயிட்ஃபீல்டுக்கு வர்றோம் மேடம். சேமிப்பு எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடியே என்ஆர்ஈ அக்கவுண்டுக்கு அனுப்பிடவா? இங்க வந்தப்புறம் அனுப்பினா டாக்ஸ் கட்டணும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. — வாசகர், ஒயிட்ஃபீல்ட்

உங்க ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்ஆப் குரூப்ப கொஞ்ச நாள் மியூட்ல போடுங்க தம்பி. நீங்க அங்க சம்பாதிச்சு அங்க டாக்ஸ் கட்டி சேத்து வச்ச காசு, அத உங்க அக்கவுண்ட்லேர்ந்து உங்க அக்கவுண்டுக்கு கொண்டு வர்றதுக்கு இங்க டாக்ஸ் கிடையாது, முன்னாடி அனுப்பினாலும் சரி பின்னாடி அனுப்பினாலும் சரி. டாக்ஸ் வர்றது அந்தக் காசு சம்பாதிக்கிற வட்டிக்கும் லாபத்துக்கும்தான்.

ஆனா இதுல ரெண்டு சட்டம் இருக்கு, ரெண்டும் உங்கள ரெண்டு விதமா பாக்கும், அங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. வெளிநாட்டுப் பணத்துக்கான ஃபெமா சட்டம் உங்க மனசுல என்ன இருக்குன்னு பாக்கும். இங்கயே தங்கிடலாம்ங்கற எண்ணத்தோட, இல்ல இங்க வேலைல சேர வந்து இறங்கினீங்கன்னா அன்னைலேர்ந்தே நீங்க ரிசிடெண்ட், அதனால என்ஆர்ஈ அக்கவுண்ட் (வெளிநாட்டுல வாழற இந்தியருக்கான ரூபா அக்கவுண்ட்) வச்சிருக்கக் கூடாது. வருமான வரிச் சட்டம் நாள எண்ணும். நீங்க வருஷத்துக்கு மூணு வாரம் லீவுல வந்து போயிட்டு இருந்தவருன்னா, ஒரு நிதியாண்டுல 182 நாள் இங்க இருந்தாதான் அந்த வருஷம் ரிசிடெண்ட். ஜனவரில வந்தா மார்ச் 31 வரைக்கும் மிஞ்சிப் போனா 91 நாள்தான், அந்த வருஷம் முழுக்க டாக்ஸ் கணக்குல நீங்க என்ஆர்ஐதான். (கடைசி 4 வருஷத்துல மொத்தம் 365 நாள் இங்க இருந்தவங்களுக்கு மட்டும் 60 நாள் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, கோவிட் சமயத்துல ஊர்லேர்ந்தே ஒர்க் ஃப்ரம் ஹோம் பண்ணவங்க நிறைய பேர் அதுல மாட்டினாங்க.)

அதுக்கடுத்து ஒரு ரெண்டு வருஷம், சிலருக்கு மூணு, ஆர்என்ஓஆர்னு ஒரு நிலை கிடைக்கும். ரிசிடெண்ட்தான் ஆனா முழு ரிசிடெண்ட் இல்ல. அந்த வருஷங்கள்ல உங்க அமெரிக்க பாங்க் வட்டி, அங்க வித்த ஷேர் லாபம் இதெல்லாம் நேரா அங்கயே வந்து விழுந்தா இங்க டாக்ஸ் இல்ல. அதனால அங்க விக்க வேண்டியத விக்க உங்களுக்கு டைம் இருக்கு, ஏர்போர்ட் போற வழியில டாக்ஸியில உக்காந்து ஷேர் விக்க வேண்டாம்.

இப்ப என்ஆர்ஈ விஷயம். எல்லாத்தையும் என்ஆர்ஈல போட்டா அந்த நிமிஷமே ரூபாயா மாறிடும், நாளைக்கு பொண்ணு படிப்புக்கு டாலர் வேணும்னா திரும்ப வாங்கணும். அதனால ஒரு வருஷ குடும்பச் செலவு, வீட்டு அட்வான்ஸ் (பெங்களூரு அட்வான்ஸ் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, 10 மாச வாடகை கேட்ட ஆளுங்களும் உண்டு), ஸ்கூல் ஃபீஸ், இதுக்கு மட்டும் என்ஆர்ஈக்கு அனுப்புங்க. மிச்சத்துல ஒரு பங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டா போட்டுடுங்க. அது டாலர்லயே இருக்கும், 1 வருஷத்துலேர்ந்து 5 வருஷம் வரைக்கும் போடலாம், நீங்க திரும்பி வந்தாலும் மெச்சூரிட்டி வரைக்கும் பேசின வட்டியிலயே ஓடும், ஆர்என்ஓஆரா இருக்கற வரைக்கும் அந்த வட்டிக்கு டாக்ஸும் இல்ல. வந்து இறங்கிட்டா புதுசா அத ஆரம்பிக்க முடியாது, அதனாலதான் முன்னாடியேன்னு சொல்றேன். மெச்சூர் ஆனதும் ஆர்எஃப்சி அக்கவுண்டுக்கு மாத்திக்கலாம், அதுவும் டாலர்லயே இருக்கற ரிசிடெண்ட் அக்கவுண்ட். வெளிநாட்டுக்கு ஒரு ரிசிடெண்ட் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர்தான் அனுப்பலாம்ங்கற லிமிட் இருக்கில்ல, ஆர்எஃப்சில இருக்கற காசுக்கு அது கிடையாது.

ரேட் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிச்சிடறேன். போர்டுல போட்டிருக்கறது கார்டு ரேட், அது சின்னத் தொகைக்கு. நீங்க 1 லட்சம் டாலர் அனுப்புறீங்கன்னா டாலருக்கு 50 பைசா வித்தியாசம்னா 50,000 ரூபா. அதனால பெரிய தொகைன்னா பணம் வர்றதுக்கு முன்னாடியே கிளைக்கு போன் பண்ணி, பாங்கோட ட்ரெஷரிலேர்ந்து (டாலர் வாங்கி விக்கற பிரிவு) உங்க தொகைக்குன்னு தனியா டீல் ரேட் வாங்கித் தாங்கன்னு கேளுங்க, கேக்காம யாரும் குடுக்க மாட்டாங்க, கேட்டா பெரும்பாலும் குடுப்பாங்க. மொதல்ல 500 டாலர் அனுப்பிப் பாருங்க, அது ஒழுங்கா போய்ச் சேர்ந்தப்புறம் பெருசு. 500 எதுக்குன்னு அடுத்த பதில்ல புரியும்.

சிங்கப்பூர்ல 8 வருஷம் வேலை பாத்துட்டு கே.ஆர்.புரத்துக்கு திரும்பிட்டேன். அங்கருந்து அனுப்பின பணம் 12 நாளா வரல, பேரு மேட்ச் ஆகலன்னு சொல்றாங்க. பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேமா இருக்கு, இங்க பாங்க்ல இனிஷியல்தான் இருக்கு. என்ன பண்றது? — வாசகர், கே.ஆர்.புரம்

இது நம்ம தமிழ் ஆளுங்களுக்குன்னே எழுதி வச்ச வியாதி. சண்முகம் மகன் முருகேசன்னு வச்சுக்குவோம். ஸ்கூல் சர்டிஃபிகேட்ல எஸ். முருகேசன். பான் கார்டுல இனிஷியல ஏத்துக்க மாட்டாங்க, விரிச்சு எழுதணும், அதனால முருகேசன் சண்முகம். பாஸ்போர்ட் எடுத்து குடுத்த ஏஜெண்ட் சர்நேம் கட்டத்த காலியா விட்டாருன்னா வெறும் முருகேசன். அந்த பாஸ்போர்ட்டோட அமெரிக்கா போனா முன் பேரு தெரியலன்னு அர்த்தம் வர்ற மாதிரி எஃப்என்யுன்னு மூணு எழுத்த முன்னாடி ஒட்டிடுவாங்க, ஆபீஸ்ல எல்லாரும் மிஸ்டர் ஃப்னூன்னு கூப்பிட ஆரம்பிப்பாங்க. சர்நேம் போட்டவருக்கு வேற கொடுமை, வாழ்நாள் பூரா அப்பா பேர சொல்லிக் கூப்பிட்டா இவரு திரும்பிப் பாக்கணும். ஒரே ஆளு, காகிதத்துல நாலு பேரு. வடக்கத்திக்காரங்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இல்ல, கவுண்டர்ல உக்காந்திருக்கற பையனுக்கு நீங்க விளக்கினாலும் புரியாது.

என் சொந்தத் தம்பிக்கே நடந்துச்சு. வீடு வாங்க ரிஜிஸ்ட்ரேஷன் தேதி குறிச்சாச்சு, பணம் அமெரிக்காலேர்ந்து கிளம்பி நடுவுல ஒரு பாங்க்ல போய் உக்காந்துருச்சு, அனுப்பின பேருல எஸ் முன்னாடி, இங்க அக்கவுண்ட்ல எஸ் பின்னாடி விரிவா. அக்கா ஃபாரெக்ஸ் டெஸ்க்ல இருக்கா, ஒரு போன்ல முடிஞ்சிடும்னு நெனச்சான். முடியல. பணத்த வாங்குற பாங்க்ல உக்காந்துக்கிட்டு நடுவுல நிக்கறத இழுக்க முடியாது, அனுப்பின பாங்க்தான் திருத்தம் அனுப்பணும். 16 நாள் ஆச்சு, ரிஜிஸ்ட்ரேஷன தள்ளிப் போட்டு, வீட்டுக்காரர்கிட்ட நான் போய் கெஞ்சினேன்.

அதனால நீங்க செய்ய வேண்டியது, இங்க இருக்கற கிளைல போய் நிக்கறத விட்டுட்டு அனுப்பின சிங்கப்பூர் பாங்க்ல ஸ்விஃப்ட் மெசேஜோட (பணம் அனுப்ப பாங்குக்கு பாங்க் போற தகவல்) காப்பி கேளுங்க, எம்டி 103னு பழைய பேரச் சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்க. பணம் எங்க போய் நிக்குதுன்னு கண்டுபிடிக்க அந்தக் காகிதம் வேணும். அப்புறம் பெறுபவர் பேர இங்க பாஸ்புக்ல இருக்கற மாதிரி எழுத்துக்கு எழுத்து திருத்தி அனுப்பச் சொல்லுங்க. இங்க பாங்குக்கு பாஸ்போர்ட் காப்பி, பான் காப்பி, ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஸ்டாம்ப் பேப்பர்ல நோட்டரி போட்ட அஃபிடவிட், இது மூணும் குடுத்து வச்சா பெரும்பாலும் வேலை நடக்கும். இந்தத் தொகை வந்தப்புறம் நிம்மதியா உக்காந்து பாஸ்போர்ட் பேர அடிப்படையா வச்சு பான், ஆதார், பாங்க் மூணையும் ஒரே மாதிரி ஆக்குங்க. அலைச்சல்தான், ஆனா ஒரு தடவை.

கொசுறா ஒண்ணு, சிங்கப்பூர் அக்கவுண்ட உடனே மூடிடாதீங்க. அங்க வேலைய விட்டுக் கிளம்பற வெளிநாட்டுக்காரங்களோட கடைசி சம்பளத்த டாக்ஸ் கிளியரன்ஸ் வர்ற வரைக்கும் கம்பெனி பிடிச்சு வைக்கணும்னு சட்டம், ஐஆர் 21னு ஒரு ஃபார்ம், அது போட்டு 30 நாள் வரைக்கும் ஆகலாம். கடைசி சம்பளம் போய் மூடின அக்கவுண்ட்ல முட்டிக்கிட்டு நின்னா அது வேற கதை.

என் வீட்டுக்காரர் துபாய்ல 14 வருஷம் இருக்காரு, அடுத்த மாசம் முடிச்சுட்டு வர்றாரு. கிராஜுவிட்டி பணத்த கையில கொண்டு வரலாமா? — வாசகி, ஜீவனஹள்ளி

கையில வேண்டாம்மா. நோட்டா 5,000 டாலருக்கு மேல, இல்ல நோட்டு, டிராவலர்ஸ் செக் எல்லாம் சேத்து 10,000 டாலருக்கு மேல கொண்டு வந்தா ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல டிக்ளேர் பண்ணணும், திர்ஹாம்னாலும் அதே மதிப்புக்கு. டிக்ளேர் பண்ணிட்டா கொண்டு வர்றதுல தப்பில்ல, ஆனா பஸ்ஸுல பர்ஸ் அடிக்கிற ஊர்ல எதுக்கு அவ்வளவு காசு.

உங்களுக்கு நான் பயப்படறது வேற விஷயம். அங்க அவர் பேர்ல லோன், கிரெடிட் கார்டு ஏதாவது பாக்கி இருக்கான்னு கேளுங்க. கடைசி செட்டில்மெண்ட்னு பணம் வந்ததும் பாங்க் அத பிடிச்சு வச்சுக்கிட்டு மொதல்ல கடன அடைன்னு சொல்றது அங்க சகஜம். அதனால செட்டில்மெண்ட் வர்றதுக்கு முன்னாடியே கார்டு, லோன் எல்லாத்தையும் அடைச்சு பாக்கி எதுவும் இல்லன்னு லெட்டர் வாங்கச் சொல்லுங்க, அந்த லெட்டர் ஒரிஜினல் பத்திரமா இருக்கட்டும். கிராஜுவிட்டி கணக்கு சரியான்னும் ஒரு தடவை பாருங்க, மொத அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படை சம்பளம், அதுக்கு மேல ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள். அலவன்ஸ் சேக்க மாட்டாங்க, அதனால அவர் மனசுல வச்சிருக்கற தொகைய விட கம்மியாத்தான் வரும், சண்டை போடாதீங்க.

மூணு வருஷம் முன்னாடியே திரும்பி வந்துட்டோம் மேடம். என்ஆர்ஈ அக்கவுண்ட மாத்தணும்னு யாரும் சொல்லல, அதுலயே எஃப்டி ஓடுது. இப்ப ஜெயில்ல போட்டுடுவாங்களா? — பெயர் வேண்டாம், இந்திரா நகர்

மாட்டாங்க, தூங்குங்க. நான் வேலைல இருந்தப்ப வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி வருவாங்க, கதவுகிட்ட நின்னு குரல தாழ்த்தி கேப்பாங்க. ஆனா விட்டுடலாம்னு சொல்லல. யாரும் சொல்லலங்கறது சரியான பதில் கிடையாது, நீங்க வந்தத பாங்குக்கு சொல்ல வேண்டியது நீங்கதான், அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஃபெமாவுல அபராதம் சம்பந்தப்பட்ட தொகைய போல மூணு மடங்கு வரைக்கும் போடலாம்னு எழுதியிருக்கு, அதுக்காகத்தான் இனிமே ஒரு நாளும் தள்ள வேண்டாம்னு சொல்றேன்.

நாளைக்கே போய் எழுதிக் குடுங்க, எந்தத் தேதில வந்தோம்னு உண்மையச் சொல்லி, பாஸ்போர்ட்ல இமிக்ரேஷன் முத்திரை உள்ள பக்கத்த வச்சு. எஃப்டிய உடைக்க வேண்டாம், அப்படியே ரிசிடெண்ட் எஃப்டியா பேரு மாத்துவாங்க, இல்ல ஆர்எஃப்சிக்கு போகணும்னா அதக் கேளுங்க. என்ஆர்ஓ (இந்தியாவுல வர்ற வாடகை மாதிரி வருமானத்துக்கான என்ஆர்ஐ அக்கவுண்ட்) இருந்தா அதையும் சேத்து மாத்துங்க, இல்லன்னா அதுல 30 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. இதுல வலிக்கிற இடம் டாக்ஸ். என்ஆர்ஈ வட்டிக்கு டாக்ஸ் இல்லங்கறது நீங்க வெளிநாட்டுவாசியா இருந்த வரைக்கும்தான், வந்த நாள்லேர்ந்து அந்த வட்டி டாக்ஸுக்கு உட்பட்டது. ஆர்என்ஓஆர்தானே நாங்கன்னு சிலர் வாதாடுவாங்க, அந்தச் சலுகை எஃப்சிஎன்ஆருக்கும் ஆர்எஃப்சிக்கும்தான், ரூபாய் என்ஆர்ஈக்கு இல்ல. விட்டுப் போன வருஷங்களுக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம், மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த வருஷம்) முடிஞ்சு 48 மாசம் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க, ஆனா தள்ளத் தள்ள கூடுதல் வரி ஏறும். ஆடிட்டர் ஒருத்தர பாருங்க, மாமா பையன் ஆடிட்டிங் படிக்கிறான்னு அவன்கிட்ட குடுக்காதீங்க.

பையன் அமெரிக்கா நம்பர கட் பண்ணிட்டு வந்துட்டான், இப்ப அந்த பாங்க்ல லாகின் பண்ணவே முடியல. — ஓய்வு பெற்ற ஆசிரியர், அல்சூர்

ஐயா, நீங்க கேட்டது ஒரு வரி, ஆனா இதுலதான் நெறைய பேரு அழறாங்க. பணம் பத்திரமா அங்க இருக்கும், கதவுக்கு சாவி மட்டும் இல்ல. அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும், நம்பர மாத்தணும்னாலும் ஓடிபி அதே நம்பருக்குத்தான் போகும், கிணத்துல விழுந்த வாளிய எடுக்க அதே வாளி வேணும்ங்கற மாதிரி.

பையன அந்த பாங்குக்கு கால் பண்ணச் சொல்லுங்க, அந்த ஊரு நேரத்துக்கு முழிச்சிருந்து, வெளிநாட்டுலேர்ந்து கூப்பிடற நம்பர் கார்டு பின்னாடி இருக்கும். அடையாளம் சரிபார்த்துட்டு நம்பர் மாத்துவாங்க, சில இடத்துல நோட்டரி போட்ட ஃபார்ம் கேப்பாங்க. இன்னும் கிளம்பாதவங்க படிச்சுக்கிட்டிருந்தா, நம்பர கட் பண்ணாதீங்க. கம்மி காசு ப்ரீபெய்டு பிளானுக்கு மாத்தி இசிம்மா வச்சு ரோமிங்ல போடுங்க. கூகுள் வாய்ஸுக்கு மாத்தற வழியும் இருக்கு, 20 டாலர் ஒரு தடவை கட்டணும், ஆனா சில பாங்க் அந்த மாதிரி நம்பருக்கு ஓடிபி அனுப்பாது, அதனால கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே மாத்தி எல்லா லாகினையும் போட்டுப் பாத்துடணும். அங்க ஒரே ஒரு அக்கவுண்ட் போதும், மத்தத மூடிடுங்க. அந்த ஒண்ணும் கடைசி டாக்ஸ் ரீஃபண்ட் வர்ற வரைக்கும் வேணும், அவங்க செக்கா அனுப்பிட்டாங்கன்னா டாலர் செக்க இங்க மாத்தறது பெரும்பாடு.

401கே பணத்த எடுத்துடவா? — வாசகர், மாரத்தஹள்ளி

401கேங்கறது அமெரிக்க கம்பெனி வழியா சேக்கற ரிட்டயர்மெண்ட் பணம், ஆனா நீங்க வயசு எழுதலயே. 59 வயசு 6 மாசத்துக்கு முன்னாடி எடுத்தா டாக்ஸ் போக 10 சதவீதம் அபராதம், வீடு கட்ட அவசரம்னு எடுத்து அபராதம் கட்டினவங்கள பாத்திருக்கேன், எனக்கு வயிறு எரியும். அப்படியே விட்டு வைக்கலாம், ஃபெமா தடுக்காது, வெளிநாட்டுல இருந்தப்ப சம்பாதிச்ச சொத்த திரும்பி வந்தும் வச்சிருக்கலாம்னு அதுலயே இருக்கு. முழு ரிசிடெண்ட் ஆனப்புறம் வருஷா வருஷம் வளர்றதுக்கு இங்க டாக்ஸ் வருமோன்னு கவலைப்பட வேண்டாம், அமெரிக்கா, பிரிட்டன், கனடா ரிட்டயர்மெண்ட் அக்கவுண்டுக்கு, எடுக்கற வருஷத்துல கட்டிக்கிறேன்னு சொல்ற வசதி இருக்கு. அதுக்கு ஒரு ஃபார்ம் ரிட்டர்ன் கெடுவுக்குள்ள போடணும், ஆடிட்டர்கிட்ட நீங்களா ஞாபகப்படுத்துங்க. ஆர்என்ஓஆர் முடிஞ்ச வருஷத்துலேர்ந்து ரிட்டர்ன்ல வெளிநாட்டுச் சொத்துன்னு தனி அட்டவணை இருக்கு, 100 டாலர் கெடக்கற அக்கவுண்டையும் அதுல எழுதணும். மறைச்சா 2015 கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம் வரைக்கும் போகும். 2024 அக்டோபர்லேர்ந்து வீடு நிலம் தவிர மத்தது 20 லட்சத்துக்குள்ளன்னா அந்த அபராதத்துலேர்ந்து விலக்கு, ஆனா எழுதறத நிறுத்தாதீங்க.

எல்லாத்தையும் அம்மா அக்கவுண்டுக்கு அனுப்பிட்டா இந்தத் தொல்லையே இல்லையே? — வாசகர், காக்ஸ் டவுன்

சட்டப்படி ஒண்ணும் தப்பில்ல, புள்ள அம்மாவுக்கு குடுக்கறது எவ்வளவுன்னாலும் டாக்ஸ் இல்ல, அதுல வர்ற வட்டி அம்மா வருமானம். (மனைவிக்கு குடுத்தா அப்படி இல்ல, வட்டி உங்க கணக்குலயே சேரும்.) ஆனா உங்களுக்கு ரெண்டு அக்கா ஒரு தம்பின்னு லெட்டர்லயே எழுதியிருக்கீங்க. அம்மா பேர்ல போனா அது அம்மா பணம், நாளைக்கு அவங்களுக்கு ஒண்ணுன்னா நாலா பிரியும், அத நீங்க அனுப்பினதுன்னு யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க. அம்மாவுக்கு மாசச் செலவுக்கு அனுப்புங்க. சேமிப்ப உங்க பேர்லயே வச்சு அம்மாவுக்கு தேவைப்படறப்ப எடுத்துக் குடுங்க.

எங்க கிளைல ஆர்எஃப்சின்னு ஒரு அக்கவுண்டே கிடையாதுன்னு சொல்றாங்க. — வாசகி, ஸ்ரீராம்புரம்

இருக்கு, அந்தத் தம்பிக்குத் தெரியாது. ஃபாரெக்ஸ் பாக்கற பெரிய கிளை எதுன்னு கேட்டு அங்க போங்க, எம்.ஜி. ரோடு, கப்பன் ரோடு பக்கம் தேடினா கிடைக்கும். அங்கயும் இல்லன்னா எழுத்துல புகார் குடுத்து நம்பர் வாங்குங்க. 30 நாள் பதில் இல்லன்னா ரிசர்வ் பாங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு (பாங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற அதிகாரி) ஆன்லைன்ல போடலாம், காசு கிடையாது, விவரத்துக்கு 14448. பெரும்பாலும் ஓம்பட்ஸ்மேன்னு வாயத் திறந்ததுமே ஃபார்ம் எங்கேர்ந்தோ வந்துடும்.